கிளாராவுக்குப் பேச்சு வருது

உங்க வீட்டுக்காரருக்கு எந்தப் பக்கம்மா விழுந்திருக்கு? வலது கையா? அப்போ பேச்சும் சேந்து போயிருக்குமே. எங்களுக்கும் அதேதான். உள்ள இருக்கது என் கூடப்பிறந்த தங்கச்சி, கிளாரா. என்னைவிட நாலு வயசு இளையவ. பக்கவாதம் வந்து விழுந்து ரெண்டு வருஷமாச்சு. நாந்தான் பாக்கேன். குளிப்பாட்டுறது, தலை சீவுறது, சோறு ஊட்டுறது எல்லாம் நாந்தான். ரெண்டு பயலுக இருக்கானுவ அவளுக்கு. ஒருத்தன் மஸ்கட்டு, ஒருத்தன் சூரத்து. "பெரியம்மா, நீங்க இருக்க தைரியத்துலதான் நாங்க இருக்கோம்"னு ஃபோன்ல சொல்லுவானுவ. அவ்வளவுதான்.

வழக்கமா நானும் அவ கூட உள்ள போவேன். இன்னைக்குப் போகல. கால் வரல. அந்தப் பேச்சுப் பயிற்சி குடுக்கிற பிள்ளை எட்டிப் பாத்து, "வரலையாம்மா?"ன்னு கேட்டுச்சு. முட்டு வலின்னுட்டேன்.

உங்களுக்கு இன்னும் நேரம் ஆகுமா? அப்போ சரி. இருங்க. நெத்தியில திருநீறு பாத்தேன். எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாது, கொஞ்சம் சொல்லித்தான் ஆகணும். நாங்க நாசரேத் பக்கம். வருஷப் பிறப்பன்னைக்குக் காலை ஆராதனை முடிஞ்சதும் எங்க கோயில்ல ஒரு தாம்பாளத்துல சின்னச் சின்ன அட்டையாக் குப்புற வச்சிருப்பாங்க. கண்ணை மூடி ஒண்ணு எடுக்கணும். அதுல ஒரு வசனம் இருக்கும். அது ஆண்டவர் நமக்குக் குடுக்கிற வாக்குத்தத்தம். எனக்குக் கல்யாணமாகி ஆறாவது வருஷம் நான் எடுத்த அட்டையில, பிள்ளையில்லாதவளை ஆண்டவர் வீடு நிறைஞ்ச தாயாக்குவாருங்கிற அர்த்தத்துல இருந்துச்சு. அவுக கிட்டக் காட்டினேன். அவுகன்னா என் வீட்டுக்காரர், ஞானதுரை, கணக்கு வாத்தியார். அவுக அதைப் படிச்சாக. அட்டையை மடக்காம சட்டைப் பையில வச்சுக்கிட்டாக.

அதுக்கப்புறம் நான் எந்த டாக்டர் வாசலையும் மிதிக்கல. அவுக கூப்பிட்டாக. அவுக அம்மா கூப்பிட்டாக. வரமாட்டேன்னுட்டேன். வாக்குக் குடுத்தவர் இருக்கும்போது வேற வாசல்ல போய் நின்னா அது அவரை நம்பாத மாதிரிதானே? அவருக்குன்னு ஒரு வேளை இருக்கு. நாம அவசரப்பட்டா ஆகுமா? நீங்களே சொல்லுங்க.

இப்படியே கல்யாணமாகிப் பதிமூணு வருஷம் ஆச்சு.

கிளாராவுக்கு அப்போ ரெண்டு பயலுக, மூணாவது வயித்துல. அவ மாப்பிள்ளை சாலமோன் லாரி ஓட்டுனவரு. ஒரு ஆவணி மாசம் போன லாரி திரும்பி வரல. அவர் உடம்பைத்தான் கொண்டுவந்தாக. கிளாராவுக்கு அப்போ ஆறு மாசம். அவ மாமியா வீட்டுல ரெண்டாம் நாளே வெளிய போன்னுட்டாக. எங்க ஊர்லயே பின் தெருவுல ஒரு ஓட்டு வீட்டுல வந்து இருந்தா. நான் செய்யாம இல்ல. தினம் சோறு குடுத்து விட்டேன். அதை நீங்க தெரிஞ்சுக்கிடணும்.

ஒருநாள் மத்தியானம் அவளே வந்தா. எட்டு மாச வயிறு. அடுக்களையில நான் மீன் கழுவிக்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்து குத்தவச்சா.

"யக்கா, இது பிறந்ததும் நீ எடுத்துக்கோ"ன்னா.

நான் மீனைக் கழுவிக்கிட்டே இருந்தேன்.

"எனக்குப் பால் குடுக்கக்கூடத் தெம்பு இல்லக்கா. ரெண்டைக் கரையேத்தினாப் போதும். இது உங்கிட்ட இருந்தா நான் கண்ணால பாத்துக்கிட்டாவது இருப்பேன்."

நான் கையைக் கழுவிட்டு நிதானமாத்தான் சொன்னேன். "கிளாரா, ஆண்டவர் என் வயித்தைத் திறப்பேன்னு சொல்லியிருக்காரு. நான் உன் பிள்ளையை வாங்கிக்கிட்டா, உம்ம வாக்கு எனக்கு வேண்டாம்னு அவர்ட்டச் சொன்ன மாதிரி ஆயிரும்"னேன்.

அவ என்னையே பாத்தா. பாத்துட்டு, "உனக்கு வாக்குக் குடுத்த ஆண்டவர் என் வயித்துல வச்சுக் குடுத்திருக்காருக்கா. கண்ணைத் திறந்து பாரு"ன்னா.

எப்படிப் பேசியிருக்கா பாருங்க. மூத்தவகிட்ட. என் பதிமூணு வருஷ ஜெபத்தை ஒரு வார்த்தையில தட்டி விட்டுட்டா. நான் அடுக்களைக் கதவைத் திறந்து விட்டேன். போன்னு வாயால சொல்லல. கதவைத் திறந்து விட்டேன், அவ்வளவுதான்.

கார்த்திகையில பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. நான் போய்ப் பாக்கல. பாத்தா மனசு மாறிருமோன்னு போகல. பத்தாம் நாள் கிளாரா அதை எடுத்துக்கிட்டு மதுரைக்கு பஸ் ஏறிட்டா. அங்க ஒரு இல்லத்துல குடுத்துட்டு வெறுங்கையோட வந்தா. அங்க ஒரு சட்டம் உண்டு. பெத்தவளோ சொந்தக்காரங்களோ மனசு மாறி வந்து கேட்டாத் திருப்பிக் குடுக்க அறுபது நாள் தவணை. அதுக்கப்புறம்தான் வேற யாருக்கும் குடுப்பாங்க. சொந்தக்காரங்க விலாசம்னு கேட்ட இடத்துல கிளாரா என் பேரை எழுதிக் குடுத்திருக்கா. தெபோராள், கேர் ஆஃப் ஞானதுரை வாத்தியார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம.

குடுத்த இருபதாம் நாள் அங்கயிருந்து கடுதாசி வந்துச்சு. பிள்ளையை எடுத்துக்கிட உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டு. நான் அதை ஜெபத்துல வச்சேன். ஆண்டவரே, இது உம்ம சித்தமா, இல்ல சோதனையா, ஒரு அடையாளம் காட்டும்னு கேட்டேன். அவர் ஒண்ணும் காட்டல. ஆனா வீட்டுக்குள்ள ஒரு சத்தம் கேக்க ஆரம்பிச்சுச்சு. பச்சைப் பிள்ளை அழுகிற சத்தம். பூனையாயிருக்கும்னு கொல்லையில போய்ப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. உள்ள வந்தா மறுபடி கேக்கும். பட்டப்பகல்ல கேக்கும்மா. அவுகளுக்குக் கேக்கல. எனக்கு மட்டும். அதைப் பிசாசுன்னு நெனச்சேன். சங்கீதம் பாடி விரட்டினேன்.

நடுவுல வருஷப் பிறப்பு வந்துச்சு. போய் அட்டை எடுத்தேன். நம்புவீங்களோ என்னமோ, ஏழு வருஷம் முன்னால எடுத்த அதே வசனம். அவுக அதைப் பாத்துட்டு, "தெபோரா, இது அந்தப் பிள்ளையைத்தான் சொல்லுதோ என்னவோ"ன்னாக. எனக்கு வந்த கோபம். "உங்களுக்கு விசுவாசமே கிடையாது"ன்னேன். அட்டையில வீடு நிறைஞ்ச தாய்னு இருக்கு, அடுத்தவ பெத்ததை வாங்கி வளக்கறவன்னு இல்லியே.

ஐம்பத்தெட்டாம் நாள் காலையில அவுக வேட்டி கட்டி, சட்டை போட்டு, செருப்பையும் மாட்டிட்டாக. "மதுரைக்குப் போயிட்டு வாறேன்"னாக. "போனா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்"னேன். நடையிலயே ரொம்ப நேரம் நின்னாக. அப்புறம் ஒரு செருப்பைக் கழத்தினாக. அப்புறம் இன்னொண்ணை. உள்ள வந்து நாற்காலியில உக்காந்தாக. அதைப்பத்தி அதுக்குமேல ஒரு வார்த்தை பேசல. அவுக நல்ல மனுஷன்.

அறுபத்தோராம் நாள் அந்த அழுகைச் சத்தம் நின்னு போச்சு. நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

கிளாரா என்கிட்டப் பேசுறதை அன்னைக்கோட விட்டா. ஊர்ல இருந்த வரைக்கும் ஒரே கோயில், பக்கத்துப் பக்கத்துத் தெரு. இருபத்திரண்டு வருஷம் பேச்சே இல்ல. நான் முன்னால வரிசையில இருந்தா அவ பின்னால வரிசையில இருப்பா. அவளா வந்து பேசுவா, அதுக்கும் ஒரு வேளை இருக்குன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். நான் மூத்தவ இல்லையா.

எனக்குப் பிள்ளை? இல்லம்மா. நாப்பத்தாறுல எல்லாம் நின்னு போச்சு. அப்பவும் நான் விடல. ஆண்டவருக்கு வயசு ஒரு தடையான்னு இருந்தேன். அவுக ரிட்டையர் ஆனதும் ஊர் வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்க பாளையங்கோட்டைக்கு வந்துட்டோம். அஞ்சு வருஷம் முன்னால அவுக தவறிட்டாக. ஆஸ்பத்திரியில கடைசி வாரம் திடீர்னு, "அந்தப் பிள்ளைக்கு இப்போ என்ன வயசிருக்கும்?"னாக. "எந்தப் பிள்ளை?"ன்னேன். அவுக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாக. எந்தப் பிள்ளைன்னு எனக்குத் தெரியாமலாம்மா இருக்கும்? ஏன் அப்படிக் கேட்டேன்னுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அப்புறம் கிளாரா விழுந்தா. பாக்க ஆளில்லன்னு போதகர் ஐயா ஃபோன் பண்ணினாரு. நான் போய்க் கூட்டிட்டு வந்தேன். காருக்குள்ள ஏத்தும்போது என்னைப் பாத்தா. வாய் கோணி, எச்சி வழிய, அந்தக் கண்ணு மட்டும் பழைய கண்ணு. நான் துண்டால வாயைத் தொடச்சு விட்டு, "எல்லாத்தையும் மறந்துருவோம் கிளாரா"ன்னேன். அவ என்ன சொல்ல முடியும்?

இப்போ எட்டு மாசம் முன்னால. ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். வாசல்ல ஒரு பிள்ளை. மஞ்சள் சுடிதார், தோள்ல பை. கொங்குப் பேச்சு.

"தெபோராள்ங்கறது நீங்களா? நாசரேத் பக்கம் போயிருந்தேனுங்க, உங்க பழைய வீட்டுல இந்த விலாசம் குடுத்தாங்க"ன்னுச்சு.

உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். பேரு கவின்மலராம். கரூர்ல வளந்தவளாம், மதுரையில ஒரு மருந்துக் கம்பெனியில வேலையாம். பையில இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுச்சு. என் பேரு, என் விலாசம், கிளாரா தன் கைப்பட எழுதினது. பெத்தவ பேர் இருந்த இடத்துல தண்ணி பட்டு மை கரைஞ்சு போயிருந்துச்சு. என் பேர் மட்டும்தான் வாசிக்க முடியுது.

"என்னைப் பெத்தவங்க நீங்கதானுங்களா?"

அவ முகத்தைப் பாத்தேன். அவ்வளவு ஆசையா என்னை ஒருத்தரும் பாத்தது கிடையாது. ஆண்டவர்தான் அந்தப் பேரைக் கரைச்சு வச்சிருக்காருன்னு எனக்குத் தோணுச்சு. இத்தனை வருஷம் காக்க வச்சு, இப்போ வாசல்ல கொண்டாந்து நிறுத்தியிருக்காருன்னு. என் வாய் ஆமான்னு சொல்லிருச்சு.

கிளாரா அதே அறையிலதான் இருந்தா. கட்டில்ல. அஞ்சடி தூரம்.

கவின் என் மடியில விழுந்து அழுதா. எனக்கும் அழுகை வந்துச்சு. பொய் அழுகை இல்லம்மா, நெசமான அழுகை. கிளாரா பக்கமிருந்து ஒரு சத்தம் வந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல. "அது யாருங்கம்மா?"ன்னு அவ கேட்டப்போ, "உன் சித்தி"ன்னேன். அவ எந்திரிச்சுப் போய் கிளாரா காலைத் தொட்டுக் கும்பிட்டா. கிளாரா கண்ணுல தண்ணி. சந்தோஷத்துலதான் அழுதான்னு நான் நெனச்சேன். வேற என்னன்னு நெனைக்க?

அப்புறம் அவ சுவத்துல இருந்த படத்தைப் பாத்து, "இவரா அப்பா?"ன்னா. ஆமான்னேன். "ஏன் என்னைக் குடுத்தீங்க?"ன்னா. என்னென்னமோ சொல்ல நெனச்சேன். கடைசியில, "அவுகளுக்கு உன்னை விட மனசில்ல. நாந்தான்"னு வந்துச்சு. அன்னைக்கு நான் சொன்னதுல அது ஒண்ணுதான் உண்மை. அவ அந்தப் படத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னா.

மாசத்துக்கு ரெண்டு தடவை வருவா. கத்தரிக்கா வாங்கிட்டு வருவா, எனக்குக் கண்ணாடி மாத்திக் குடுத்தா, அம்மா அம்மான்னு வீடு பூரா அவ குரல்தான். அட்டையில சொன்னபடி ஆயிருச்சுன்னு கோயில்ல சாட்சி சொல்லலாமான்னுகூட இருந்தேன். சொல்லல. ஏன்னு கேக்காதீங்க.

ஏன்னா கிளாரா. கவின் வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் கிளாரா சாப்பிட மாட்டா. ஒருநாள் அந்தப் பிள்ளை கஞ்சி ஊட்டும்போது இடது கையால அவ மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. விட மாட்டேங்கா. அப்புறம் விட்டுட்டு அதே கையால தன் நெஞ்சைத் தட்டுதா. தட்டிட்டு அவளைக் காட்டுதா. மறுபடி தன் நெஞ்சைத் தட்டுதா. அந்தப் பிள்ளை பயந்து போய், "சித்திக்கு நெஞ்சு வலிக்குதாம்மா?"ன்னுச்சு.

"வாய்வு"ன்னேன்.

எந்திரிச்சுப் போய் ஓமத் தண்ணி கொண்டாந்து கிளாரா வாயில ஊத்தினேன். அவ முழுங்கினா. என்னைப் பாத்துக்கிட்டே முழுங்கினா.

கவினுக்கு மனசு கேக்கல. "சித்திக்கு என்னமோ சொல்லணும்னு இருக்குதும்மா. பயிற்சி குடுத்தா பேச்சு வருமாம். விசாரிச்சுட்டேன்"னு இந்த இடத்தைக் கண்டுபிடிச்சது அவதான். நான் என்ன காரணம் சொல்லி மறுக்க? எட்டு வாரம் கூட்டிட்டு வந்தேன். மொதல்ல ஆ, ஊன்னுதான் வந்துச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு இருந்தேன். நல்லது ஆகட்டும்னு அவ பக்கத்துல உக்காந்து ஜெபமும் பண்ணினேன். உள்ளுக்குள்ள என்ன ஜெபம் பண்ணினேன்னு ஆண்டவருக்குத் தெரியும்.

எட்டாவது வாரம் பயிற்சிப் பிள்ளை குடும்பப் படங்களை ஒவ்வொண்ணாக் காட்டிக்கிட்டிருந்துச்சு. கவின் படம் வந்துச்சு. கிளாரா அதைக் கையில வாங்கினா. வாயைக் கூட்டுதா, நெத்தி எல்லாம் வேர்க்குது. "எம்... ம... எம்ம..."ன்னா. அந்தப் பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "அம்மான்னு சொல்லுறாங்கம்மா"ன்னு நோட்டுல எழுதுச்சு. அம்மா இல்ல. எங்க ஊர்ப் பேச்சு எனக்குத் தெரியாதா? எம்மவ. என் மகள்னுதான் அவ சொல்ல வந்தா.

அன்னைக்கோட நிறுத்திட்டேன். மூணு வாரம். பயிற்சிப் பிள்ளை லீவுன்னு கவின்கிட்டச் சொன்னேன். ஆனா வீட்டுல அவ தானா பழக ஆரம்பிச்சுட்டா. நான் அடுக்களையில இருந்தா கேக்கும். எம்... எம்ம... துணி காயப்போட மாடிக்குப் போனா அங்கயும் கேக்கும். டிவியைக் கூட்டி வச்சேன். பாட்டுப் பாடினேன். கிளாரா தூங்கிக்கிட்டிருப்பா, அப்பவும் எனக்குக் கேக்கும். அவ வாய் அசையாது, சத்தம் மட்டும் வரும். முந்தி நான் கேட்ட பச்சைப் பிள்ளைச் சத்தத்துக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியலம்மா இப்போ.

போன ஞாயித்துக்கிழமை அவளுக்குத் தலை சீவிக்கிட்டிருந்தேன். முடியெல்லாம் கொட்டிப் போச்சு அவளுக்கு. சின்ன வயசுல இடுப்பு வரைக்கும் இருக்கும், நாந்தான் பின்னி விடுவேன். சீவும்போதே கேட்டுட்டேன். "கிளாரா, நான் செய்யுறது பாவமா?"ன்னேன். அவ தலையைத் திருப்பல. இடது கையைத் தூக்கி, சீப்பு பிடிச்சிருந்த என் கையைத் தொட்டா. அடிப்பான்னு நெனச்சேன். தொட்டுக்கிட்டே இருந்தா. அடிச்சிருந்தாத் தேவலை.

நேத்து கவின் ஃபோன் பண்ணினா. அவளே இங்க பேசியிருக்கா. யாரும் லீவுல இல்லன்னு தெரிஞ்சு போச்சு. கோபப்படல. "உங்களுக்கு அலைச்சலா இருக்குதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா, நான் லீவு போட்டு வர்றேன், சித்தி கூட நானே உள்ள உக்காந்துக்கறேன்"ன்னா. பஸ் பத்தரைக்கு வந்திருக்கும். இப்போ வந்துருவா.

வாழ்நாள் பூரா ஆண்டவர்ட்ட, உம்ம வேளைக்குக் காத்திருக்கேன்னு சொன்னவம்மா நான். ஒருநாள் அவசரப்பட்டது கிடையாது. இப்போ அவர் வேளை வந்துருமோன்னு பயந்து கிடக்கேன். கிளாராவும் அறுபது நாள் அவர்ட்டக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்திருப்பா? அப்புறம் இத்தனை வருஷமும்? அந்த வசனம் எனக்குன்னு நான் எடுத்துக்கிட்டேன். அவளுக்கும் அவர் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னமோ. நான் ஒருநாள்கூட அவகிட்டக் கேட்டதில்ல.

அதோ வாறா. பச்சைத் தாவணி மாதிரி துப்பட்டா போட்டிருக்கால்ல, அவதான்.

வா பிள்ளை. சாப்பிட்டியா? இவுக வீட்டுக்காரரையும் உள்ளதான் கூட்டிட்டுப் போயிருக்காக, பேசிக்கிட்டிருந்தோம். சித்தி ரெண்டாவது அறையில இருக்கா. நீ போ. இல்ல, நான் வரல. முட்டு வலி எல்லாம் இல்ல. நீ மட்டும் போ. கவின், இங்க பாரு. அவ சொல்லுறது தெளிவா இருக்காது. பயிற்சிப் பிள்ளை வேற என்னமோன்னு எழுதி வச்சிருக்கு. அதை நம்பாத. பக்கத்துல உக்காந்து, அவ வாயைப் பாத்துக் கேளு. அவ நெஞ்சைத் தட்டினா வாய்வு இல்ல. அவ என்ன சொல்லுதாளோ அதுதான். நான் சொன்னது இல்ல, அவ சொல்லுறதுதான். போ.

போயிட்டா. கதவைச் சாத்திட்டா.

என்ன கேக்குதும்மா உங்களுக்கு? எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு. கிளாரா பேசுதாளா? "இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு அந்தப் பிள்ளை கேக்குதா? அதுக்கப்புறம்? ஒண்ணும் கேக்கலையா.

உங்க வீட்டுக்காரர் வெளிய வந்துட்டாரு, பாருங்க. ஒரு நிமிஷம், போகாம இருங்க. ஒரே ஒரு நிமிஷம்.

கதவு திறந்துருச்சு. கவின் என்னைத்தான் பாக்குதா. கூப்பிடல, வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கா. நாந்தான் போகணும். கொஞ்சம் கை குடுங்கம்மா, எந்திரிக்கணும்.